பன்னிரண்டாவது புகார்

நகரசபைக்கு நான் எழுதிய புகார்கள் பதினொன்று.
அக்டோபரில் மட்டும் ஏழு.
நள்ளிரவு தாண்டிக் கூரைக்கு மேல் ஹெலிகாப்டர்,
ஆடுகள் வேலியில் மோதுகின்றன,
குட்டிகள் தாயைத் தவறவிடுகின்றன,
என் மகன் காதில் பஞ்சோடு பரீட்சைக்குப் போகிறான்,
இப்படிக்கு
அங்கஸ் ட்ரெலோர், வைராவ் பள்ளத்தாக்கு.

பதில் ஒரே மாதிரி வரும்:
திராட்சை துளிர்க்கும் மாதம் ஐயா,
உறைபனி இறங்கினால் ஒரே ராத்திரியில் கருகிவிடும்,
மேலே கொஞ்சம் வெதுவெதுப்பான காற்று
சும்மா நிற்கிறது,
அதைத் தட்டிக் கீழே இறக்கத்தான் ஹெலிகாப்டர்,
பொறுத்தருள்க.
தலையணையைக் காதில் அழுத்திப் பொறுத்தேன்.

அன்று என்னை எழுப்பியது சத்தம் இல்லை.
சத்தம் நின்றது.

குளிர்பெட்டியின் முனகல் நின்றால்
அதுவரை முனகியது தெரியவருமே, அப்படி.
பிறகு வேறொரு ஓசை,
யாரோ ஈரத்துணியை வேகவேகமாய் உதறுவதுபோல்,
கிட்டே,
இன்னும் கிட்டே.

அவள் பெயர் ஙைரே டாமிஹானா.
ஒரு தோட்டம் முடித்து அடுத்ததற்குப் போகும் வழி.
அறுநூறு அடி உயரம், கீழே மை.
எஞ்சின் ஒருமுறை இருமியது, அவ்வளவுதான்.
சிவப்பு விளக்கு, ஒலிப்பானின் அலறல்,
இடக்கை தானாகவே நெம்புகோலை
அடிவரை அழுத்திவிட்டது.
“யோசித்திருந்தால் இந்தத் தேநீர் இல்லை” என்றாள்.

விழுந்தால்தான் கீழ்க்காற்று இறக்கையைச் சுற்றும்.
சுற்றினால்தான் விழுவதை
இறங்குவது என்று சொல்லிக்கொள்ளலாம்.
இருபது விநாடிக்குக் காற்றிடம் கடன்,
அடியில் அடைக்க வேண்டும், ஒரே தவணையில்.

அடைப்பது எங்கே?
இந்தப் பள்ளத்தாக்கு முழுக்கக் கம்பி.
மரத்தூண், கம்பி, மரத்தூண், கம்பி.
விளக்கைப் போட்டாள்.
கறுப்பு. கறுப்பு. வரிவரியாய்க் கறுப்பு.
அப்புறம் ஒரு வெள்ளை.

என் மேய்ச்சல் நிலம்.
யாரும் காற்றடித்துக் காப்பாற்றாத புல்,
உறைபனி மூடி
விரித்துப்போட்ட துப்பட்டிபோல் கிடந்தது.
“ராத்திரி முழுக்க எதை விரட்டினேனோ
அதுதான் கைகாட்டியது.”

நான் ஜன்னலில் பார்த்தது கடைசிப் பகுதி மட்டும்:
மூக்கை நிமிர்த்தி வேகத்தைக் கொட்டியது,
மட்டமாகி
இறக்கையில் மிச்சமிருந்த சுழற்சியையெல்லாம்
ஒரே இழுப்பில் செலவழித்து
உட்கார்ந்தது.
சறுக்குச் சட்டம் புல்லைக் கீறியது பதினான்கு அடி.
மறுநாள் அளந்தேன். ஏன் அளந்தேன் தெரியாது.

முதலில் ஓடி வந்தவன் நலாவ்,
கொடி கவாத்து செய்ய வனுவாட்டுவிலிருந்து வந்த பையன்.
தோட்ட மூலையில் வெப்பமானி பார்ப்பது அவன் வேலை.
ஏழு வரிசைக் கம்பியைக் குனிந்து குனிந்து தாண்டி,
சட்டை கிழிந்து,
கதவைத் திறந்து அவளிடம் சொன்னான்:
“மைனஸ் ஒன்று.
இப்போது மைனஸ் ஒன்று, அக்கா.”
வேறு வார்த்தை அவனுக்கு வரவில்லை.

அவள் சிரித்தாள்.
அதுவரை நடுங்காத கைகள்
என் சமையலறையில் தொடங்கின.
தேநீர் பாதி கோப்பையில், பாதி மேஜையில்,
மேஜையில் கிடந்த பன்னிரண்டாவது புகாரின்மேல்.
துடைக்கத் துணி தேடினாள்.
“பரவாயில்லை, பழைய காகிதம்” என்றேன்.
பார்த்தாள். படித்தாள் என்றே நினைக்கிறேன்.
ஒன்றும் சொல்லவில்லை.

விடிந்ததும் தோட்டக்காரர் வந்து
வடக்கில் கருகிய வரிசைகளை எண்ணினார், பதினெட்டு.
பிறகு அவள் தோளைத் தொட்டுவிட்டுப் போனார்.
வெள்ளை நிலத்தில் ஹெலிகாப்டரைச் சுற்றி
பச்சையாய் ஒரு வட்டம்,
இறக்கையின் கடைசிக் காற்று பனியை உதறிய இடம்.
அதற்குள் நின்று ஒரு தாயாடு மேய்ந்தது,
அதற்கு இதில் ஆச்சரியம் ஒன்றுமில்லை.

அடுத்த இரவு இரண்டு மணி, வேறொரு ஹெலிகாப்டர்.
ஆடுகள் வழக்கம்போல் வேலியில் மோதின.
தலையணையை எடுத்தேன், காதில் வைக்கவில்லை.
தோட்டத்தின் கோடியில் அது திரும்பும்போதெல்லாம்
சத்தம் கொஞ்சம் தேயும்.
அந்தத் தேய்வில் மட்டும்
மூச்சு எந்தப் பக்கம் போக வேண்டுமென்று
எனக்கு மறந்துபோகிறது.